எண்பத்தொன்பது நாள் குடித்தனம்

என் அப்பாவும் அம்மாவும் காதலிக்க ஆரம்பித்தபோது எனக்கு ஒன்பது வயது. அவர்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் முடிந்திருந்தது. இதைச் சொன்னால் தோழிகள் சிரிப்பார்கள். அப்பாவை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு வளர்ந்த பிள்ளைகள் மட்டும் சிரிக்க மாட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. அதில் பாதி நாள் குலதெய்வத்துக்கும் காதுகுத்துக்கும் போய்விடும். மீதிப் பாதியில் வீடு நிறைய விருந்தாளிகள் உட்கார்ந்து சென்ட் பாட்டிலை முகர்ந்துகொண்டிருப்பார்கள். இதற்கு நடுவில் நான் எப்படிப் பிறந்தேன் என்பதே ஆச்சரியம்தான்.

அப்பா சவூதியில், ஜுபைலில், ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் டெக்னீசியன். கேம்பில் அறைக்கு நாலு பேராகத் தங்கியிருந்தார். எனக்கு அவர் வெள்ளிக்கிழமை மத்தியானம் போனில் வரும் ஒரு குரல், அவ்வளவுதான். "நல்லா படிக்கிறியா?" என்று அந்தக் குரல் கேட்கும். "ம்" என்பேன். "அம்மா பேச்சக் கேக்குறியா?" என்று கேட்கும். அதற்கும் "ம்" தான். அப்புறம் போனை அத்தையிடம் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விடுவேன்.

அறந்தாங்கிப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம். அப்பாவின் அக்கா. கட்டிக்கொடுத்த ஒரே வருஷத்தில் புருஷனை இழந்து திரும்பி வந்தவள். வந்த இடத்தில் தாயில்லாத எட்டு வயதுத் தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அம்மா அந்த வீட்டில் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. எல்லாரும் சாப்பிட்ட பிறகு அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். ராத்திரி என் பக்கத்தில் வந்து படுப்பாள். அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். உலகத்தில் அம்மா என்று ஒரு சொத்து எனக்கு மட்டும் எழுதிவைக்கப்பட்டது என்று நம்பியிருந்தேன்.

நான் நாலாம் வகுப்பு முடித்த வருஷம் அப்பாவுக்கு ஒரு பதவி உயர்வு வந்தது. குடும்பத்தை விசிட் விசாவில் அழைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மூன்று மாதம். அது முடிவதற்குள் மனுக் கொடுத்தால் இன்னொரு மூன்று மாதம் நீட்டித்துத் தருவார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும் என்று அத்தை சொல்லிப் பார்த்தாள். அப்பா தலைமையாசிரியருக்கே ஒரு கடிதம் எழுதி அனுமதி வாங்கிவிட்டார். "மூணு மாசந்தான, போய்ட்டு வாங்க" என்று அத்தை சொன்னபோது அந்த 'தான'வில் ஒரு அழுத்தம் இருந்தது.

தம்மாம் விமான நிலையத்தில் அப்பா ஒரு பிளாஸ்டிக் பையோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே அம்மாவுக்கு ஒரு கறுப்பு அங்கி. அங்கே எல்லாப் பெண்களும் அதைப் போட்டுக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். அம்மா புடவைக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டாள். அன்று நான் வேறொரு கறுப்பு அங்கியின் கையைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்துவிட்டேன். அந்த அம்மாள் குனிந்து பார்த்துச் சிரித்து என்னைத் திருப்பிவிட்டாள். அதற்குப் பிறகும் கடைத்தெருக்களில் எத்தனையோ தடவை அம்மாவைத் தவறவிட்டேன். அப்பா ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. முப்பது கறுப்பு அங்கிகளுக்கு நடுவிலும் நேராக அம்மாவிடம் போய் நிற்பார். வருஷத்தில் ஒரு மாதம்கூடப் பார்க்காத மனுஷனுக்கு அது எப்படி முடிந்தது என்று எனக்குக் கோபமாக வரும்.

ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை உள்ள வாடகை வீடு. கேம்ப் நண்பர்கள் ஆளுக்கொரு சாமானாகக் கொடுத்து வீட்டை நிரப்பியிருந்தார்கள். ஒருவர் டிவி, ஒருவர் சோறாக்கும் குக்கர், இன்னொருவர் கேரம் போர்டு. படுக்கையறை அவர்களுக்கு, கூடத்தில் டிவிக்கு முன்னால் போட்ட மெத்தை எனக்கு. "நீ பெரிய பொண்ணாயிட்டல்ல" என்றார் அப்பா. ஒன்பது வயதில் யாராவது அப்படிச் சொன்னால் நம்மிடமிருந்து எதையோ பிடுங்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

முதல் வாரம் இருவரும் ஒருவருக்கொருவர் அந்நியர் மாதிரிதான் இருந்தார்கள். அப்பா "இந்தா" என்பார். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து "என்னங்க" என்பாள். அவர் சாப்பிடும்போது ஊரில் செய்ததுபோலவே கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். நாலாம் நாள் அப்பா சாப்பிடாமல் கையைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உக்காரு."

"நீங்க சாப்புடுங்க."

"உக்காருன்றேன்ல. இங்க யாரு இருக்கா?"

நான் இருந்தேன். எதிரிலேயே இருந்தேன். இருவரும் என்னைப் பார்க்கவில்லை. அம்மா உட்கார்ந்தாள். அப்பா பொரித்த மீனைப் பிட்டு முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுச் சதையை அவள் தட்டில் வைத்தார். எனக்குத்தான் முள் எடுத்துக் கொடுக்க வேண்டும், நான்தான் குழந்தை. தட்டை நகர்த்திக் காட்டினேன். "ஒனக்குத்தான் எடுக்கத் தெரியுமே" என்றார்.

அப்புறம் நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. அப்பா டூட்டி முடிந்து வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு சமையலறைக்குள் போவார். பத்து வருஷம் கேம்பில் முறைவைத்துச் சமைத்த கை. சப்பாத்தி வட்டமாக வரும், மீன் தீயாமல் பொரியும். அம்மா முதலில் பதறினாள். பிறகு பக்கத்தில் நின்றாள். பிறகு மேடையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள். என் அம்மாவுக்குக் கால் ஆட்டத் தெரியும் என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. சுடிதார் வாங்கிக் கொடுத்தார், போட்டுக்கொண்டாள். கேரம் விளையாடினார்கள். கேம்பில் பெரிய கைகாரர் என்று பெயர் வாங்கிய அப்பாவை மூன்றாம் வாரத்திலிருந்து அம்மா தோற்கடித்தாள். சிவப்புக் காயைப் போட்டுவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரிப்பாள்.

கடற்கரை ஓரத்தில் ஒரு பூங்கா இருந்தது. ராட்டினம், பூச்செடி, விளக்கெல்லாம் உண்டு. வாசலில் குடும்பங்களுக்கு மட்டும் என்று பலகை. தனியாக வந்த ஆண்களை உள்ளே விட மாட்டார்கள். மூன்று பிள்ளை பெற்றவனாக இருந்தாலும் மனைவி ஊரில் இருந்தால் அவன் அங்கே பேச்சுலர்தான். பத்து வருஷமாக அப்பா அந்தச் சுவருக்கு வெளியே நடந்துதான் போயிருக்கிறார். நாங்கள் போன அன்று காவலாளி வழக்கம்போல "பேச்சுலர் மாஃபி", தனி ஆளுக்கு இடமில்லை என்று கையை நீட்டி மறித்தான். அப்பா பின்னால் திரும்பி எங்களைக் காட்டினார். காவலாளி ஒதுங்கி நின்றான். அன்று அப்பா நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே, ஊர்த் திருவிழாவில் பரிவட்டம் கட்டிக்கொண்டவர்கூட அப்படி நடந்திருக்க மாட்டார். உள்ளே போய் ராட்டினத்தில் அவரும் ஏறினார். எனக்கு வெட்கமாக இருந்தது.

எனக்குப் புரியாத இன்னொரு விஷயம் கடைக்குப் போவது. தொழுகைக்கான பாங்கு ஒலித்தால் அங்கே எல்லாக் கடைகளையும் மூடிவிடுவார்கள். அரைமணி நேரம் கழித்துத்தான் ஷட்டர் மேலே போகும். பத்து வருஷம் இருந்தவருக்கு அந்த நேரம் அத்துப்படியாக இருக்க வேண்டும். ஆனால் நாங்கள் போகும் ஒவ்வொரு மாலையும் டாக்சியை விட்டு இறங்கும்போதே ஷட்டர் இறங்கிக்கொண்டிருக்கும். "அடடா, மூடிட்டானே" என்பார் அப்பா. முகத்தில் வருத்தம் மருந்துக்கும் இருக்காது. மூடிய கடையின் படியில் உட்காருவோம். ஜூன் மாதக் கடலோரப் புழுக்கம், இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அம்மா அந்தக் கறுப்பு அங்கிக்குள் நனைந்துகொண்டிருப்பாள். ஆனாலும் இருவரும் பேசுவார்கள். வீட்டில் அம்மாவின் கைக்கு எப்போதும் ஒரு வேலை கிடைத்துவிடும், அந்தப் படியில் வேலை கிடையாது. சின்ன வயதில் பார்த்த பயாஸ்கோப், முதல் நாள் டூட்டியில் அப்பா வழி தெரியாமல் தொலைந்தது, அம்மா பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய கதை என்று என்னென்னவோ பேசுவார்கள். நான் படியில் ஏறி இறங்கி ஏறி இறங்கி அலுத்துப்போவேன். ஒருநாள் அம்மா சீக்கிரம் கிளம்பிவிட்டாள். போனால் கடை திறந்திருக்கும் நேரம். அப்பா வாசலில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை மூன்று முறை அவிழ்த்துக் கட்டினார். இத்தனைக்கும் அது நல்ல ஷூதான். என் அப்பா கொஞ்சம் அசடு என்று முடிவு செய்துகொண்டேன்.

இரண்டு மாதம் கடந்தபோது அப்பா ஒரு கவரைக் காட்டினார். விசாவை நீட்டிப்பதற்குக் கம்பெனி கொடுத்த கடிதம். "இன்னும் மூணு மாசம் இருக்கலாம். பாப்பாவுக்கு இங்க இந்தியன் ஸ்கூல்ல இடம் கேட்டிருக்கேன்" என்றார். அம்மா அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். இங்கிலீஷ் கடிதம், அவளுக்கு அவ்வளவாகப் புரியாது. இருந்தாலும் முழுவதும் படித்தாள். கூடத்து மெத்தையில் இன்னும் மூன்று மாதம் என்பதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா போன் கார்டைச் சுரண்டி ஊருக்குப் போன் போட்டார். இரண்டு வார்த்தை பேசியதும் மீன் தீய்கிற வாசனை வந்தது. "அத்தைகிட்டப் பேசிக்கிட்டிரு" என்று என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினார்.

"ஏத்தா, நல்லாருக்கியா? அது என்னடி சத்தம்?" என்றாள் அத்தை.

"மீனு பொரியுது அத்தை."

"உங்கம்மா பொரிக்கிறாளா?"

"இல்ல, அப்பா. அம்மா தலை காயவச்சுக்கிட்டு டிவி பாக்குது."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அத்தை மிகவும் மெதுவாக, சர்க்கரை தடவிய குரலில் கேட்டாள்.

"தெனமும் அப்பாதான் ஆக்குதா?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடவில்லை, கெடுத்தேன். இரண்டு மாதமாக என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போது ஒருத்தி கேட்கிறாள், ஒவ்வொரு வார்த்தையையும் காது கொடுத்துக் கேட்கிறாள். சப்பாத்தி, சுடிதார், அம்மா மேடையில் ஏறி உட்காருவது, ஹோட்டலில் மூன்று பேரும் ஒரே தாம்பாளத்தில் கைபோட்டுச் சாப்பிட்டது, அப்பாவுக்குக் கடை மூடும் நேரமே தெரியாதது, எல்லாவற்றையும் கொட்டினேன். "எனக்கு எடுக்காம அம்மாவுக்குத்தான் முள்ளு எடுத்துக் குடுக்குது. இன்னும் மூணு மாசம் நீட்டப் போறாங்களாம் அத்தை. என்னயத் தனியாப் படுக்கப் போடுறாங்க" என்று முடித்தேன். சொல்லி முடித்ததும் மனசு லேசாக இருந்தது. அத்தை என் கட்சி.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா மட்டும் பேசினார். நின்றுகொண்டே பேசினார். அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் "சரிக்கா" ஒன்றுதான். ஒவ்வொரு "சரிக்கா"வுக்கும் குரல் ஒரு படி இறங்கியது. அத்தை என்ன சொன்னாள் என்பது பிற்பாடு அத்தை வாயாலேயே எனக்குத் தெரியவந்தது. பெருமையாகவே சொன்னாள். பிள்ளைக்குப் படிப்பு வீணாகிறது, தனக்கும் முன்புபோல முடியவில்லை, நீட்டிக்கவெல்லாம் வேண்டாம், அனுப்பிவிடு என்றிருக்கிறாள். கோபமே காட்டவில்லை. போனை வைக்கும்போது மட்டும், "எட்டு வயசுலேருந்து உன்னய ஒரு டம்ளர் கழுவ விட்டிருக்கேனா தம்பி?" என்று கேட்டு அழுதிருக்கிறாள்.

அத்தையை வில்லியாக்கி இதை எழுதினால் எனக்கு வசதி. ஆனால் அது பொய். அவளுக்கு வாழ்க்கையில் மிஞ்சியது அந்தத் தம்பி ஒருவன்தான். அவனுக்குச் சோறு போடும் உரிமை ஒன்றுதான். ஒன்பது வயதில் எனக்கு எது போய்விடும் என்று பயந்தேனோ அதேதான் நாற்பத்தைந்து வயதில் அவளுக்கும் பயம். நாங்கள் இருவரும் உண்மையிலேயே ஒரே கட்சிதான்.

அன்று மாலை நான் கூடத்தில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் அவர்கள் பேசியது கேட்டது.

"லெட்டரு கையில இருக்கு. நாளைக்குக் கொண்டுபோயிக் குடுத்தா முடிஞ்சுது" என்றார் அப்பா.

"வேணாங்க. அண்ணி மனசு நொந்து ஒரு வேள சாப்புடாமக் கெடந்தாங்கன்னா, அது நம்மளத்தான் சுத்தும்."

"அத நான் பாத்துக்கறேன். ஒனக்குப் போவணுமா? அதச் சொல்லு."

குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவும் சத்தம் இல்லை, வெறும் தண்ணீர்.

"பத்து வருசம் இருந்துட்டோம்ல" என்றாள் அம்மா.

அது பதில் இல்லை என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அவர் மறுபடி கேட்கவில்லை. மறுபடி கேட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு அவர்மேல் கோபம் உண்டு.

மறுநாள் அம்மா எனக்குத் தலை பின்னினாள். "அத்தைகிட்ட மீனு பொரிச்சதச் சொன்னியா?" என்று கேட்டாள். சொன்னேன் என்றேன். "வேற?" என்றாள். வரிசையாக எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அடி விழும் என்று தோள் இரண்டையும் குறுக்கிக்கொண்டேன். அம்மாவின் விரல்கள் நடுவில் ஒருமுறை நின்றன, மறுபடி பின்னத் தொடங்கின. "பொய்யா சொன்ன, உள்ளதத்தான சொன்ன" என்றாள். சடையின் நுனியில் ரப்பர் பேண்டை வழக்கத்தைவிட ஒரு சுற்று அதிகமாகச் சுற்றினாள்.

அதற்குப் பிறகு இருந்த நாட்களில் கடைக்குப் போனபோதெல்லாம் கடை திறந்தே இருந்தது. அப்பாவுக்கு நேரம் தவறவே இல்லை. போர்வை, பால் பவுடர், அத்தைக்கு முட்டிவலித் தைலம், மெத்தென்ற செருப்பு, எல்லாம் மளமளவென்று வாங்கி அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினார். அம்மா மறுபடி அவர் சாப்பிடும்போது நிற்க ஆரம்பித்தாள். அவரும் உட்காரச் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பும் முன்பே ஊர்ப் பழக்கத்துக்குத் திரும்பிவிட்டார்கள் போலிருக்கிறது.

பிறகு இன்னொரு விசா வரவே இல்லை. அந்த வருஷக் கடைசியில் அப்பாவின் கம்பெனி ஒப்பந்தம் முடிந்து, அவர் ராஸ் லஃபான் என்ற வேறொரு வளைகுடா ஊருக்கு வேலைக்குப் போனார். அங்கே அவர் வேலைக்குக் குடும்பத்தை அழைக்க அனுமதி கிடையாது. நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் சர்க்கரை நோயோடு ஒரேயடியாக ஊர் திரும்பினார். கூடத்து நாற்காலியில் உட்காருவார். அத்தை பரிமாறுவாள். அம்மா அடுப்படியில் கடைசியாகச் சாப்பிடுவாள். சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது. "இந்தா", "என்னங்க" இரண்டு சொல்லோடு நாள் ஓடிவிடும். ஊரில் எல்லாரும் அவர்களை நல்ல தம்பதி என்பார்கள். அவர்கள் யார் என்பதைப் பார்த்த ஒரே ஆள் நான். அதை உலகத்தில் யாரிடம் சொல்லக் கூடாதோ அவளிடம் போய்ச் சொன்னவளும் நான்தான்.

ஊருக்குக் கிளம்பிய அந்த எண்பத்தொன்பதாம் நாள் காலையில் தம்மாமுக்குப் போனோம். விமான நிலையத்தில் பயணிகள் மட்டும் போகும் வாசல் வரைக்கும் அப்பா வந்தார். அம்மாவும் அவரும் எதிரெதிரே நின்றார்கள். நாலு பேர் பார்க்கும் இடத்தில் ஒருவர் கையை ஒருவர் தொடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. "சக்கரை மாத்திரையப் போட்டுக்கங்க" என்றாள் அம்மா. "ம்" என்றார். அவள் வரிசையில் போய் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார். கண் சிவந்திருந்தது. ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் வந்தால் அப்படித்தான் சிவக்கும் என்று எனக்குத் தெரியும்.

"அம்மாவப் பாத்துக்க, பாப்பா."

பாவம், எதற்கோ கவலைப்படுகிறார் என்று தோன்றியது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவர் கன்னத்தைத் தட்டி, "நீங்க கவலையே படாதீங்கப்பா. இனிமே அம்மா தெனமும் எங்கிட்டதான் படுத்துக்கும்" என்றேன்.

அப்பா என்னைக் கட்டிக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. என்மேல் இவ்வளவு பாசமா என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.